செவ்வாய்க்கிழமைப் பிள்ளை

"என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு, பெயரையும் சொல்லாமல், ஊரையும் சொல்லாமல், உதட்டோரத்தில் ஒரு புன்சிரிப்பைத் தேக்கிக்கொண்டு எதிரே நிற்கும் மனிதரைக் காட்டிலும் பயங்கரமான பரீட்சாதிகாரி உலகத்தில் வேறொருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருஷகாலம் பையன்களைக் கேள்வி கேட்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்த உபாத்தியாயனாகிய எனக்கு, அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகத்தானோ என்னவோ, ரயிலடியிலும் கல்யாணப் பந்தலிலும் கோயில் பிராகாரத்திலும் இந்த ஒரு கேள்வி தப்பாமல் காத்துக்கொண்டிருக்கிறது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் அந்த முகம் வாடிப்போகும். தெரிகிறது என்று சொன்னாலோ, "யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று இரண்டாவது கேள்வி உடனே புறப்படும். ஆகையால் அனுபவசாலிகள் நடுவழி ஒன்றைக் கைக்கொள்ளுகிறார்கள். "ஏன் தெரியாமல்? நன்றாகத் தெரிகிறதே!" என்று உரக்கச் சொல்லித் தோளில் ஒரு கையை வைத்து, "இப்போது ஜாகை எங்கே? அப்பா சௌக்கியமா?" என்று நாலு வார்த்தை விசாரித்தால், வருகிற பதில்களிலிருந்து ஆள் இன்னாரென்று துப்புத் துலக்கிவிடலாம் என்பது அவர்களுடைய சித்தாந்தம். திருச்சி ஜங்ஷனில் ஒரு தடவை நானும் இந்த உபாயத்தைப் பிரயோகித்தேன். "அப்பா சௌக்கியமா?" என்றதும் அந்த மனிதர் ஒரு கணம் என்னையே பார்த்தபடி நின்றுவிட்டு, "தகப்பனார் காரியத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டபோது, பரீட்சை நெருங்கும் சமயத்தில் லீவா என்று கோபித்துக்கொண்டு, அப்புறம் நீங்களே எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தீர்களே, சார்" என்றார். அதன் பிறகு வண்டி கிளம்பும் வரையில் நாங்கள் இருவரும் மழை இல்லாததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்தில் அங்க அடையாளங்கள் என்று ஓர் இடம் இருந்தது. வகுப்பு உபாத்தியாயர் ஒவ்வொரு பையனையும் மேஜையருகே அழைத்து நிறுத்தி, மச்சமோ தழும்போ இரண்டைத் தேடிப் பிடித்து அந்த இடத்தில் எழுதியாகவேண்டியிருந்தது. இந்தத் தேடுதலில் நான் கழித்த மத்தியான்னங்கள் அநேகம். மாடு முட்டிய தழும்பு, வேப்பமரத்திலிருந்து விழுந்த தழும்பு, வைத்தியன் சூடு போட்ட தழும்பு என்று எங்கள் பக்கத்துப் பையன்களிடம் தழும்புக்குப் பஞ்சமே கிடையாது. ஒருவன் மட்டும் உச்சந்தலைமுதல் உள்ளங்கால்வரை மாசு மறுவற்றவனாக இருந்து என்னைத் திணற அடித்தான். "நாளைக்குப் பார்க்கலாம், போ" என்று அனுப்பினேன். மறுநாள் காலை முழங்காலில் புத்தம் புதிய காயத்தோடு வந்து, காரியம் முடித்தவன்போல் நின்றான். அவனுடைய பெயர் மறந்துவிட்டது; அந்த முழங்கால் மறக்கவில்லை.

என்னுடைய புஸ்தகத்தில் இடது புருவத்தின்மேல் ஒரு மச்சம் என்று எழுதியிருக்கிறது. எழுதிய காலத்தில் அது அங்கேதான் இருந்தது. வயதாக ஆக, தலையிலே குறைந்த ரோமமெல்லாம் புருவத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டபடியால், பென்ஷன் விஷயமாகப் போன இடத்தில் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் என் நெற்றியைப் பரிசோதித்துவிட்டு, "மச்சத்தைக் காணோமே, ஸ்வாமி" என்றார். நான் நானேதான் என்று இரண்டு கனவான்கள் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பின்புதான் எனக்கே அதில் நம்பிக்கை பிறந்தது.

வேதாந்த பாடம் சொல்லுகிறவர்கள் தேவதத்தன் என்று ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எப்போதோ எங்கேயோ கண்ட அந்தத் தேவதத்தனே, இன்றைக்கு இங்கே நிற்கும் இந்தத் தேவதத்தன் என்று அறியவேண்டுமானால், அன்று இன்று என்ற கால பேதத்தையும், அங்கே இங்கே என்ற தேச பேதத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சி நிற்கும் ஆளை மாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் காட்டும் மார்க்கம். பிரத்யபிஞ்ஞை என்று இதற்குப் பெயரும் உண்டு. சாஸ்திரத்துக்கு இது சரியாக இருக்கலாம். லோகவியவகாரத்திலோ, குடுமியைக் கழித்து, கடுக்கனைக் கழித்து, பல்லைக் கழித்து, அன்றிருந்த ஒல்லி உடம்பையும் கழித்த பிறகு மிஞ்சுவது ஆள்தானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இந்த விஷயத்தில் தமயந்தி சாமர்த்தியசாலி. கார்க்கோடகன் தீண்டி உருவமே மாறிப்போய், வாகுகன் என்ற பெயரோடு தேர்ப்பாகனாகவும் மடைத்தொழில் செய்பவனாகவும் வந்து சேர்ந்த நளனை அவள் முகத்தைப் பார்த்தா கண்டுபிடித்தாள்? அவன் சமைத்ததை வரவழைத்து வாயில் போட்டுப் பார்த்தாள், முடிந்தது காரியம். அந்தக் கதையை எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதன் மறுபக்கம் ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியவந்தது கும்பகோணத்தில், 1956-ஆம் வருஷத்தில்.

கும்பகோணத்துக்கு நான் முதன்முதலாகப் போனது 1918-இல், என் பத்தாவது வயதில். கொள்ளிடக்கரைக் கிராமம் ஒன்றில் பஞ்சாங்கம் சொல்லிக் குடும்பத்தை நடத்திவந்த என் தகப்பனார், பிள்ளையாவது இங்கிலீஷ் படித்துத் தப்பிக்கட்டும் என்ற எண்ணத்தோடு என்னை முதல் பாரத்தில் சேர்த்துவிட்டு, இரண்டு நாள் தங்கி, தெருத் தெருவாக அலைந்து, எனக்கு வாரச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். வாரச் சாப்பாடு என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் விளங்கும். திங்கட்கிழமைக்கு ஒரு வீடு, செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வீடு என்று நாளுக்கு ஒரு வீட்டில் ஏழைப் பிள்ளை ஒருவனுக்கு இலை போடுவார்கள். கொடுப்பவர்களுக்கு அது பெரிய பாரமில்லை. சாப்பிடுகிறவனுக்கு அதுவே சர்வஸ்வம். என் தகப்பனாருக்கு ஆறு வீடுகளே அகப்பட்டன. ஞாயிற்றுக்கிழமையைச் சாரங்கபாணிப் பெருமாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பெருமாளும் பெரும்பாலான ஞாயிறுகளில் கைவிடவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த இலைகள் எல்லாப் பையன்களுக்கும் போடப்பட்டவையல்ல. அரசலாற்றுக்கு அப்பாலிருந்து நாலு மைல் நடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து, மத்தியான்னம் குழாயடியில் தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்தடியில் படுத்துக்கிடந்த ஒருவன் என் பக்கத்துப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தான். என்னைவிட நன்றாகவே படித்தான். அவன் எந்த வீட்டு வாசலிலும் ஏறி நிற்பதற்கில்லை. அந்தக் காலத்தில் எனக்கு அது ஆச்சரியமாகவே படவில்லை என்பதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

ஆறு வீட்டு மனிதர்களுடைய முகங்களும் இப்போது எனக்குக் கலங்கலாகத்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை என்றால் சுண்டைக்காய் வற்றல் குழம்பின் வாசனை வருகிறது. புதன்கிழமை மோரில் முகம் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வீட்டில் பாயசம் உண்டு. ஆனால் அது கூடத்தில் உட்காருபவர்களுக்கு மாத்திரம். ரேழியில் உட்காருகிற எனக்கு அதன் வாசனையே பாத்தியம். செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் இந்தக் கணக்கில் சேராதது. அந்த வீட்டை நினைத்தால் எனக்கு ஒரு குரல் கேட்கும்.

மகாமகக் குளத்துக்கு மேற்கே ஒரு குறுகிய சந்தில் இருந்தது அந்த வீடு. எஜமானர் வக்கீல் குமாஸ்தா, வருமானம் சொற்பம், குழந்தைகள் இல்லை. மற்ற வீடுகளில் வாரத்துக்கு ஒரு பிள்ளை என்றால், இருப்பதில் குறைந்த இந்த வீட்டிலே இரண்டு பிள்ளைகள்: செவ்வாய்க்கிழமைக்கு நான், வியாழக்கிழமைக்கு என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்த இன்னொருவன். மாமிக்கு எங்கள் பெயர்கள் தெரியாமலில்லை. ஆனால் கூப்பிட்டதென்னவோ கிழமையைச் சொல்லித்தான். "செவ்வாய்க்கிழமை வந்தாச்சா? கை காலை அலம்பிண்டு வா" என்பாள். குளத்தங்கரையில் பார்த்தாலும், கோயிலில் பார்த்தாலும், "டேய், செவ்வாய்க்கிழமை!" என்றுதான் கூப்பாடு. உலகத்தில் ஒரு நாள் முழுவதும் தனக்கே சொந்தம் என்ற கர்வம் ஏழைப் பையனுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

வியாழக்கிழமைக்காரன் என் ஸ்வபாவத்துக்கு நேர்விரோதமானவன். இலையில் உட்கார்ந்தால் சங்கோசம் என்பதே அறியாதவன். இன்னும் கொஞ்சம் ரசம் என்று தானே கேட்பான். கதை சொல்லி மாமியைச் சிரிக்கவைப்பான். சாப்பிட்டு முடிந்ததும் கிணற்றில் நாலு வாளி இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் போவான். நானோ, கரண்டி பாத்திரத்திலிருந்து கிளம்புவதற்கு முன்பே இரண்டு கைகளையும் இலைக்கு மேலே விரித்துக்கொண்டு, "போதும், போதும்" என்று சொல்லிவிடுவேன். பசியில்லாமலா? பசி வயிற்றைக் கிள்ளும். ஆனாலும், இவன் நிறையத் தின்கிறான் என்று யாராவது நினைத்துவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை இல்லாமல் போய்விடுமே என்ற பயம், நாக்கை முந்திக்கொள்ளும். மாமி அந்த வார்த்தையைச் சட்டை செய்ததே இல்லை. "போதும்னு மொதல்லேயே சொல்றவனுக்குத்தான்டா பசி ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவாள். ஆறு வருஷம், செவ்வாய்தோறும், நானும் போதும் என்பதை விடவில்லை, அவளும் அந்த இன்னொரு கரண்டியை விடவில்லை.

சாதம் முடிந்து மோருக்கு வரும்போது ஒரு விசாரணை நடக்கும். "கணக்கு எப்படிடா இருக்கு?" என்பாள். எழுத்து வாசனை இல்லாதவள். பால்காரிக்கும் கீரைக்காரிக்கும் சுவரில் கரியால் கோடு போட்டு, மாசக் கடைசியில் காலணா பிசகாமல் வாய்க்கணக்காகவே தீர்ப்பவள். அவளிடம் வட்டிக் கணக்கு வரவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். ஊர் வேறு அப்படிப்பட்ட ஊர். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்து, டவுன் ஹைஸ்கூலில் படித்து, 1914-இல் கேம்பிரிட்ஜுக்குப் போய் எஃப்.ஆர்.எஸ். பட்டம் வாங்கித் திரும்பிய ராமானுஜம், நான் அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான், 1920 ஏப்ரலில் காலமானார். "இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சு ஒருத்தன் கணக்காலேயே சீமைக்குப் போனான், அதே தண்ணியைக் குடிச்சுட்டு நீ இப்படி முழிக்கறியே" என்பாள் மாமி. பெரிய பரீட்சைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, 1924-இல், விசாரணையின் முடிவில் எனக்கு எங்கிருந்தோ ஒரு வீராவேசம் வந்து, "எண்பது வாங்கிக் காட்டுகிறேன், பாருங்கள் மாமி" என்று சொல்லிவிட்டேன். பரீட்சை முடிந்தது, ஊருக்குப் போனேன், புஸ்தகம் கைக்கு வந்தபோது கணக்குக்கு நேரே 38 என்று எழுதியிருந்தது. தேறினேன், ஆனால் அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு அந்தச் சந்துக்குள் நுழைவது? அடுத்த வாரம் எழுதலாம், அடுத்த மாதம் எழுதலாம் என்று ஓர் அரையணாக் கார்டு எழுதுவதைத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதே பிறகு தடையாயிற்று. ஐந்து வருஷம் எழுதாதவன் ஆறாவது வருஷம் என்ன எழுதுவான்? உபாத்தியாயர் வேலை, கல்யாணம், மாற்றல்கள் என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

வியாழக்கிழமைக்காரன் அப்படியில்லை. அவன் 1923-இல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி ரங்கூனுக்குப் போய், மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதச் சேர்ந்தவன், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளுக்குக் கடுதாசி போட்டுக்கொண்டிருந்தான். 1933-ஆம் வருஷத்து மாமாங்கத்துக்கு வந்து அந்த வீட்டிலேயே இறங்கி, ரங்கூனிலிருந்து கொண்டுவந்த அரக்கு வெற்றிலைப் பெட்டி ஒன்றை மாமிக்குக் கொடுத்துவிட்டுப் போனானாம். அடுத்த மாமாங்கத்துக்கு அவசியம் வருவதாகவும் சொன்னானாம். இவையெல்லாம் எனக்கு யுத்த காலத்தில், சென்னையில் தற்செயலாகச் சந்தித்த ஒருவர் மூலமாகத் தெரியவந்தன. அவர் அவனோடு அதே கிட்டங்கியில் இருந்தவர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, ஊரே திரண்டு வடக்கே நடந்தபோது, இவர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கோஷ்டியாக ப்ரோம்வரை போய், அங்கிருந்து அரக்கான் மலைகளைக் கடந்து டவுங்கப் என்ற கடற்கரை ஊரை நோக்கி நடந்திருக்கிறார்கள். வழியில் தண்ணீர் கிடையாது. கிடைத்த இடத்தில் காலரா இருந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவன் பாதையோரத்து மரத்தடி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் போய்க்கொண்டே இருங்கள், நான் காலையில் வந்து சேர்ந்துகொள்ளுகிறேன்" என்றானாம். அவர் அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதையாவது மாமிக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. 38-ஐ எழுதாதவன் இதை எப்படி எழுதுவேன்?

மாமாங்கம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்பது வழக்கு. சூரியன் கும்பத்தில் இருக்கும் மாசி மாதத்தில், வியாழன் சிம்மராசியில் நிற்க, மகநக்ஷத்திரம் கூடும் தினம் அது. ஆனால் வியாழன் ஒரு சுற்றுச் சுற்றிவரப் பன்னிரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே எடுத்துக்கொள்வதால், எப்போதாவது ஒரு முறை பதினோராவது வருஷத்திலேயே வந்து நின்றுவிடுவதும் உண்டு. 1945-க்குப் பிறகு 1957-ஐ எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஏமாற்றிவிட்டு, அது 1956-லேயே வந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் இதைப் பார்த்தபோது, கடன்காரனுக்குத் தவணையை ஒரு வருஷம் முன்னே இழுத்துவிட்டதுபோல் எனக்குத் திக்கென்றது. காலரா ஊசி போட்டுக்கொண்டு, பத்து நாள் லீவும் எழுதிக்கொடுத்துவிட்டு வண்டியேறினேன்.

குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்களிலும் ஜனசமுத்திரம். குளத்துக்குள்ளே இருபது கிணறுகளில் எது எந்தத் தீர்த்தம் என்று பார்ப்பதற்குள் பின்னால் வருபவர்கள் அடுத்ததற்குத் தள்ளிவிடுவார்கள். ஸ்நானம் செய்து கரையேறியவர்களில், அந்தக் காலத்துப் பையன்கள் யாராவது இருக்கமாட்டார்களா என்று தேடியவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். சற்றுக் கவனித்துப் பார்த்தபோது, என் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் ஈரத்துணியோடு நின்று ஒருவர் முகத்தை ஒருவர் அதே பார்வையோடு பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. எல்லோரும் 1921-இல் குடுமி வைத்திருந்தவர்கள். இப்போது கிராப்புத் தலை. அதுவும் பாதிப்பேருக்கு இல்லை. யாரும் யாரையும் கண்டுகொள்ளவில்லை.

திருவிழா முடிந்த அன்றைக்கே நான் மாமி வீட்டுக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமைவரையில் காத்திருந்தேன். முகத்தை மறந்திருந்தாலும் கிழமை என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்குள்ளே ஒரு யுக்தி. அதோடு, செவ்வாய்க்கிழமை என்றால்தான் அந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு உரிமை இருப்பதுபோல் ஒரு பிரமையும் இருந்தது. சந்து இன்னும் குறுகியிருந்தது. முன்கட்டில் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் குடியிருந்தார், "பாட்டியா? பின்கட்டில் இருக்காங்க" என்று கையைக் காட்டினார். வக்கீல் குமாஸ்தா காலமாகிவிட்டாரென்பதை, முற்றத்தைத் தாண்டிப் போனதும், வெள்ளைப் புடவையின் தலைப்பைத் தலையில் போர்த்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பொறுக்கியது கண்ணால் அல்ல, விரலால். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது.

"யாரது?" என்றாள். அந்தக் குரல் மாத்திரம் மாறவே இல்லை.

நமஸ்காரம் செய்துவிட்டு எழுந்து, வாயைத் திறந்தால், நாற்பத்தெட்டு வயதாகி, நாலு குழந்தைகளுக்குத் தகப்பனாகி, இத்தனை பேரிடம் இந்தக் கேள்வியால் அவதிப்பட்டவனாகிய நான் கேட்டது இதுதான்: "என்னைத் தெரிகிறதா, மாமி?"

"நிழலாட்டமாத்தான் தெரியறது. வாரச் சாப்பாட்டுப் பிள்ளையோ?"

"ஆமாம் மாமி."

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் முகத்தை நிமிர்த்தினாள். அந்த முகத்தில் பரவிய சந்தோஷத்தை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை. "எனக்குத் தெரியும்டா! வியாழக்கிழமைதானே நீ? குரு சிம்மத்துக்கு வந்தா நீயும் வந்துடுவேன்னு சொல்லிண்டே இருந்தேன். போன மாமாங்கத்துக்கு ஏன்டா வரலை? ஆமாம், சண்டை நாளாச்சே, கப்பலுக்கு எங்கே போவே."

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை மாமி என்று சொல்ல நாக்கு நுனிவரையில் வந்தது. நியாயமாகப் பார்த்தால், அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்டது இரக்கம் அல்ல, பொறாமை. முப்பத்திரண்டு வருஷம் எட்டிப் பார்க்காதவனுக்கு அந்தப் பொறாமைக்குக்கூட யோக்கியதை இல்லை என்பது அடுத்த கணத்தில் உறைத்தது. "ஆமாம் மாமி, கப்பல் இல்லை" என்றேன்.

"ரங்கூன்லேர்ந்து எல்லாரும் நடந்தே வந்தாளாமே. நீயும் நடந்தா வந்தே?"

"நடந்துதான் மாமி."

"எத்தனை நாள்?"

"ரொம்ப நாள்."

"காலை நீட்டு, பார்ப்போம்" என்றாள். நான் தயங்கினேன்; அவளே குனிந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, குதிகாலிலும் விரலிடுக்கிலும் தடவிப் பார்த்து, "பாவி, எப்படித்தான் நடந்தியோ" என்று முனகினாள். வகுப்பறையில் கரும்பலகைக்கும் மேஜைக்கும் நடுவே நடந்ததைத் தவிர வேறு எந்தத் தூரத்தையும் அறியாத கால்கள் அவை.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள். ஒரு வேளை ஆகாரம் செய்பவளுடைய சமையலில் பாதியை நான் எடுத்துக்கொள்வதாவது என்று மறுத்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே தாழ்வாரத்தில், அதே தூணுக்குப் பக்கத்தில் இலை விழுந்தது. பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், மிளகு ரசம். கண் தெரியாதவளுக்குப் பரிமாறுவதில் ஒரு தடங்கலும் இல்லை. இடது கையால் இலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வலது கையால் ஊற்றினாள். பேச்செல்லாம் ரங்கூனைப் பற்றித்தான். நானும் எனக்குத் தெரிந்த நாலு விஷயங்களை வைத்துச் சமாளித்துக்கொண்டே வந்தேன். மாடத்தில் அந்த அரக்குப் பெட்டி இருந்தது. சிவப்பு வர்ணம் ஒரு பக்கம் உரிந்து, உள்ளே இருந்த மூங்கிற்பின்னல் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், இரண்டாந்தடவை ரசத்தை எடுத்துக்கொண்டு அவள் குனிந்ததைக் கவனிக்கவில்லை. கரண்டி கிண்ணத்தில் உரசிய சத்தம் காதில் விழுந்தது. அவ்வளவுதான், எங்கே எத்தனை வருஷம் தூங்கிக்கிடந்ததோ தெரியாது, இரண்டு கைகளும் இலைக்கு மேலே விரிந்தன.

"போதும், போதும்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு, சாதத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மாமி என் பக்கம் திரும்பவில்லை; தூணின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டி சாய்ந்தது. அது முடிந்ததும், இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். வழக்கமாகச் சொல்லுகிற வார்த்தையைச் சொல்லவில்லை.

மோர் கொண்டுவர உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. அடுப்பங்கரையில் ஒரு சத்தமும் இல்லை. நான் ரச சாதத்தைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மோரோடு வந்தபோது முகத்தை அலம்பிக்கொண்டு வந்திருந்தாள். அதற்குப் பின் ரங்கூன் பேச்சே எழவில்லை. கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. நடையைப் பற்றிக் கேட்கவில்லை. காவேரியில் தண்ணீர் இல்லாததையும், முன்கட்டுக்காரர் பித்தளை தட்டுகிற சத்தத்தையும் பற்றிச் சொன்னாள். கை அலம்பிவிட்டு வந்து மறுபடியும் நமஸ்காரம் செய்தேன். தட்டுத் தடுமாறி மாடத்துக்குப் போய், அரக்குப் பெட்டியைத் தொட்டு, அது இருந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

நான் முற்றத்தைத் தாண்டும்போது கூப்பிட்டாள்.

"உன்னோட படிச்சானே, அந்தச் செவ்வாய்க்கிழமைப் பிள்ளை, அவனை எங்கேயாவது பார்ப்பியோ?"

"பார்ப்பேன், மாமி."

"பார்த்தா சொல்லு. பரீட்சை எழுதிட்டுப் போனவன் பாஸா பெயிலான்னு ஒரு வரி எழுதலை. ரெண்டு மாசம் செவ்வாய் தவறாம இலையைப் போட்டு வச்சுண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா வேடிக்கை பண்ணுவார்."

"பாஸ்தான் மாமி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கணக்குலே?"

"முப்பத்தெட்டு."

அவள் கொஞ்சநேரம் பேசாமல் நின்றாள். அப்புறம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எண்பது வாங்கறேன்னு சொல்லிட்டுப் போனான்" என்றாள்.